நாடுகளின் கடற்கரை நீளத்தை ஒப்பிடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

இந்தியாவின் கடற்கரை நீளமா, சிலியின் கடற்கரை நீளமா? அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏ வெளியிட்ட உலகத் தகவல் நூலின்படி இந்தியாவுக்கு 7,000 கிலோமீட்டர், சிலிக்கு 6,435 கிலோமீட்டர். இந்தியாதான் முந்துகிறது. உலக வளங்கள் நிறுவனத்தின் பட்டியலோ இந்தியாவுக்கு 17,181, சிலிக்கு 78,563 என்கிறது. அங்கே சிலி நாலரை மடங்கு பெரியது. இதில் எந்தப் பட்டியல் பொய் என்று தேடிப் பயனில்லை. இரண்டும் வெவ்வேறு கோலால் அளந்தவை, அவ்வளவுதான்.

பரப்பளவையும் மக்கள்தொகையையும் போலக் கடற்கரை நீளம் ஒரு நாட்டுக்கு ஒன்றே ஒன்று என்று இருப்பதில்லை. எந்தக் கோலால் அளந்தோம், எதைக் கரை என்று எடுத்தோம் என்ற இரண்டும் சேர்ந்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் வரும். எல்லா நாடுகளையும் ஒரே கோலால், ஒரே வரையறையில் அளந்து ஒப்பிடும் வேலையைப் படிப்படியாகக் கீழே பார்க்கலாம். ஒரு சாதாரணக் கணினியும் கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளும் போதும். கணினி இல்லாதவர்களுக்கு டிவைடரும் (இரு கூர்முனைகள் கொண்ட கவராயம்) வரைபடமும் கொண்டு அளக்கும் முறையும் உண்டு.

முதலில் புரிய வேண்டியது: கோல் சிறுத்தால் கரை நீளும்

பிரிட்டன் பெருந்தீவின் கரையை 200 கிலோமீட்டர் கோலால் எட்டு வைத்து அளந்தால் சுமார் 2,400 கிலோமீட்டர் வரும். 50 கிலோமீட்டர் கோலால் அளந்தால் சுமார் 3,400. பெரிய கோல் விரிகுடாவின் ஒரு முனையில் இருந்து மறுமுனைக்குத் தாண்டிவிடும். சிறிய கோல் உள்ளே போய் வளைந்து வரும். கோலை இன்னும் சுருக்கினால் சிறு குடாக்கள், கழிகள், பாறை விளிம்புகள் என்று ஒவ்வொன்றாகக் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். நீளம் ஓர் எண்ணில் போய் நிற்காது.

இதை முதலில் எண்களோடு காட்டியவர் பிரிட்டிஷ் அறிஞர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன். நாடுகளின் பொது எல்லை நீளத்துக்கும் போருக்கும் தொடர்பு உண்டா என்று ஆராய்ந்தபோது, ஸ்பெயின், போர்ச்சுகல் இடையிலான எல்லைக்கு 987 கிலோமீட்டர் என்றும் 1,214 கிலோமீட்டர் என்றும் இரு எண்கள் புழங்குவதைக் கண்டார். அவர் 1953இல் மறைந்தார். இந்த ஆய்வு 1961இல்தான் அச்சானது. அதை எடுத்து 1967இல் பின்னப் பரிமாணம் என்ற கருத்தோடு இணைத்தவர் பெனுவா மாண்டல்பிராட்.

நமக்கு வேண்டியது ஒரே ஒரு சூத்திரம். கோலின் நீளத்தைப் பாதியாக்கினால் கரையின் நீளம் 2இன் (ப − 1) அடுக்கு மடங்காகும். இதில் ‘ப’ என்பது அந்தக் கரையின் பின்னப் பரிமாணம், அதாவது கரை எவ்வளவு கரடுமுரடானது என்று காட்டும் எண். நேர்க்கோட்டுக்கு இது 1. தென்னாப்பிரிக்கக் கரைக்கு 1.02 என்றும் பிரிட்டனின் மேற்குக் கரைக்கு 1.25 என்றும் கண்டிருக்கிறார்கள். நார்வேயின் கரைக்குக் கிடைத்தது ஏறத்தாழ 1.52. ஆகவே கோலைப் பாதியாக்கும்போது தென்னாப்பிரிக்கா 1.4 சதவீதம் மட்டும் நீளும், பிரிட்டனின் மேற்குக் கரை 19 சதவீதம் நீளும், நார்வே 43 சதவீதம் நீளும். பட்டியல்கள் ஏன் முரண்படுகின்றன, எந்த நாடுகளில் அதிகம் முரண்படுகின்றன என்பதற்கு விடை இதற்குள்ளேயே இருக்கிறது. தென்னாப்பிரிக்காவுக்கு இரு பட்டியல்களும் 2,798, 3,751 என்று ஓரளவு அருகருகே வருகின்றன. நீள்குடாக்களும் (நிலத்துக்குள் நீண்டு செல்லும் குறுகிய கடல் கைகள்) தீவுக்கூட்டமும் நிறைந்த சிலியிலோ பன்னிரண்டு மடங்கு வித்தியாசம்.

படி 1: எதற்காக ஒப்பிடுகிறீர்கள் என்று எழுதி வையுங்கள்

இதைப் பலரும் தாண்டிவிடுகிறார்கள். ஆனால் கோலை முடிவு செய்வது இதுதான். கடலரிப்பைத் தடுக்கும் சுவர், அலையாத்திக் காடு, மீன் குஞ்சு வளரும் கழிகள் பற்றிய ஒப்பீடு என்றால் 100 மீட்டருக்கும் 1 கிலோமீட்டருக்கும் இடைப்பட்ட கோல் வேண்டும். ரோந்துக் கப்பல், கடலோரக் காவல் நிலையங்களின் இடைவெளி போன்றவற்றுக்கு 10 முதல் 50 கிலோமீட்டர் கோல் போதும். கப்பல் ஒவ்வொரு கழிக்குள்ளும் போகப் போவதில்லை. பள்ளிப் பாடத்துக்கோ கட்டுரைக்கோ பொதுவான ஒப்பீடு என்றால் 1 கிலோமீட்டரும் 25 கிலோமீட்டரும் என இரு கோல்களில் அளந்து இரண்டையும் கொடுப்பது நல்லது.

கடல் உரிமையை ஒப்பிட நினைப்பவர்களுக்குக் கரை நீளம் உதவாது. 12 கடல் மைல் ஆட்சிக்கடலும் 200 கடல் மைல் பொருளாதார மண்டலமும் அடிக்கோட்டில் இருந்து அளக்கப்படுகின்றன. அடிக்கோடு பொதுவாகத் தாழ் ஓதக் கோடு, அதாவது கடல்நீர் இறங்கியிருக்கும்போது நிற்கும் கோடு. மிகவும் வெட்டுப்பட்ட கரைகளில் முனைக்கு முனை இழுத்த நேர்க்கோடுகள். நார்வே இழுத்த அத்தகைய நேர்க்கோடுகளை 1951இல் பன்னாட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. எனவே ஒரு நாட்டின் நீள்குடாக்கள் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் வளைந்தாலும் அதன் கடற்பரப்பு அதே விகிதத்தில் பெருகிவிடாது.

படி 2: எது கரை என்று ஆறு கேள்விகளுக்கு விடை முடிவு செய்யுங்கள்

அளக்கத் தொடங்கும் முன் ஒரு தாளில் இவற்றுக்கு விடை எழுதுங்கள், நடுவில் மாற்றாதீர்கள்.

எந்த ஓதக் கோடு? உயர் ஓதமா, சராசரிக் கடல்மட்டமா, தாழ் ஓதமா? சேற்று நிலங்கள் அகன்ற இடங்களில் இவை பல கிலோமீட்டர் விலகி இருக்கும். செயற்கைக்கோள் படத்தில் தெரியும் கோடு படம் எடுத்த நேரத்து நீர்க்கோடு மட்டுமே.

ஆற்று வாயை எங்கே மூடுவது? முகத்துவாரத்தின் இரு முனைகளையும் இணைப்பதா, ஓதம் ஏறும் எல்லை வரை உள்ளே போவதா, அல்லது வாய் குறிப்பிட்ட அகலத்துக்குச் சுருங்கும் இடத்தில் நிறுத்துவதா? எண்ணை மிக அதிகமாக மாற்றும் கேள்வி இதுதான். அமெரிக்காவின் தேசியப் பெருங்கடல், வளிமண்டல நிர்வாகம் தன் நாட்டுக்கே இரு எண்களைத் தருகிறது. பொதுக் கடற்கரை 12,383 மைல். இது அரை பாகை அட்சரேகை, அதாவது சுமார் 55 கிலோமீட்டர் நீளமுள்ள கோலால் அளந்தது. ஓதக்கரை 88,633 மைல். இது நீர் 100 அடி அகலத்துக்குச் சுருங்கும் இடம் வரை ஆறுகளுக்கும் கழிகளுக்கும் உள்ளே சென்று அளந்தது. முதல் எண்ணில் கலிபோர்னியா 840 மைல், லூசியானா 397 மைல். இரண்டாவதில் கலிபோர்னியா 3,427, லூசியானா 7,721. மிசிசிப்பி டெல்டாவின் கழிகள் வரிசையையே புரட்டிப் போட்டுவிட்டன.

எவ்வளவு சிறிய தீவு வரை சேர்ப்பது? பரப்பில் ஒரு வரம்பு வையுங்கள். 1 சதுர கிலோமீட்டர் நல்ல தொடக்கம். நார்வே நிலவரைபட ஆணையத்தின் கணக்கில் நீள்குடாக்களோடு சேர்ந்த பெருநிலக் கரை 28,953 கிலோமீட்டர், தீவுகளையும் சேர்த்தால் 1,00,915 கிலோமீட்டர். நீள்குடாக்களைத் தாண்டி அளந்தால் பெருநிலம் 2,650 கிலோமீட்டர் மட்டுமே. ஒரே நாட்டின் ஒரே கரைதான்.

உள்நாட்டுக் கடல்கள் சேருமா? காஸ்பியன் கரை சேர்ந்தால் கஜகஸ்தானுக்கு 1,894 கிலோமீட்டர், சேராவிட்டால் பூஜ்யம். பெருங்கடலோடு இணைந்த நீரை மட்டும் எடுப்பது வழக்கம்.

கடல்கடந்த ஆட்சிப்பகுதிகள்? பிரான்ஸின் ஐரோப்பிய நிலத்துக்கு 3,427 கிலோமீட்டர், கடல்கடந்த பகுதிகளோடு 4,853 என்று சிஐஏ தந்தது. கிரீன்லாந்தின் 44,087 கிலோமீட்டரை டென்மார்க்கோடு சேர்த்தால் அதன் இடம் எங்கோ போய்விடும்.

பனி விளிம்பு? அண்டார்க்டிகாவை விட்டுவிடுவதே நல்லது. மிதக்கும் பனித்தட்டின் விளிம்பு ஆண்டுக்கு ஆண்டு நகரும்.

படி 3: தரவைத் தேர்ந்தெடுங்கள்

உலகம் முழுவதற்கும் இலவசமாகக் கிடைக்கும் தரவுகளில் மூன்று பெரிதும் பயன்படுகின்றன. நேச்சுரல் எர்த் தரவு 1:1 கோடி, 1:5 கோடி, 1:11 கோடி விகிதங்களில் கிடைக்கிறது. சிறியது, விரைவாக இயங்கும். ஆனால் சின்னத் தீவுகளும் கழிகளும் இருக்காது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் கடற்கரை மிக நுணுக்கமானது. ஆனால் நுணுக்கம் எல்லா நாட்டிலும் சமம் இல்லை. சில நாடுகளில் அரசின் நில அளவைத் தரவே ஏறியிருக்கிறது. வேறு சில இடங்களில் பழைய லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தில் இருந்து தானாக எடுத்த கோடு இன்னும் இருக்கிறது.

நாடுகளை ஒப்பிடும் வேலைக்கு மூன்றாவதான ஜிஎஸ்ஹெச்ஹெச்ஜி தரவைப் பரிந்துரைக்கிறோம். பால் வெசலும் வால்டர் ஸ்மித்தும் 1996இல் வெளியிட்ட இந்தத் தொகுப்பில் ஒரே கரை ஐந்து நுணுக்கங்களில் வருகிறது: முழு நுணுக்கம், பிறகு 0.2, 1, 5, 25 கிலோமீட்டர் விலகல் வரம்போடு (எளிமையாக்கிய கோடு மூலக் கோட்டில் இருந்து விலகக்கூடிய அளவு) எளிமையாக்கிய நான்கு. கடல்–நில எல்லை முதல் அடுக்கில் இருக்கிறது; ஏரிகள், ஏரிக்குள் தீவுகள் எல்லாம் தனித்தனி அடுக்குகளில். முதல் அடுக்கை மட்டும் எடுத்தால் உள்நாட்டு ஏரிகள் விலகிவிடும். காஸ்பியன் எந்த அடுக்கில் வருகிறது என்பதை மட்டும் திரையில் பார்த்து உறுதி செய்யுங்கள். ஒவ்வொரு தீவின் பரப்பும் தனிப் புலத்தில் இருப்பதால் உங்கள் 1 சதுர கிலோமீட்டர் வரம்பை ஒரே வடிகட்டலில் போடலாம்.

படத்தின் விகிதத்தில் இருந்து தரவின் நுணுக்கத்தைக் கணிக்க ஒரு வழி: அச்சு வரைபடத்தில் 0.5 மில்லிமீட்டருக்குக் குறைந்த வளைவை வரைய முடியாது. 1:2,50,000 படத்தில் அது தரையில் 125 மீட்டர்; 1:45,00,000 படத்தில் 2.25 கிலோமீட்டர். உங்கள் கோல் இந்த அளவைப் போல் இரண்டு மூன்று மடங்காவது இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் கரையை அளக்க மாட்டீர்கள், வரைந்தவரின் கையை அளப்பீர்கள்.

செயற்கைக்கோள் படத்தில் இருந்து நேரடியாக எடுத்த கோடுகளில் இன்னொரு ஆபத்து உண்டு. படப்புள்ளிகளின் ஓரம் வழியே கோடு படிக்கட்டு போல ஏறி இறங்கும். 45 பாகை சாய்ந்த நேரான கரைகூட அப்படி அளந்தால் 41 சதவீதம் நீண்டு வரும். எல்லாத் திசைகளுக்கும் சராசரியாக 27 சதவீதம். படப்புள்ளியைச் சிறிதாக்கினாலும் இந்தப் பிழை குறையாது. எளிமையாக்கிய பிறகே அளக்க வேண்டும்.

படி 4: கரையை நாடுகளுக்குப் பிரித்துக் கொடுங்கள்

ஜிஎஸ்ஹெச்ஹெச்ஜி தரவில் நாட்டுப் பெயர் கிடையாது. இங்கேதான் புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுவார்கள். நாட்டு எல்லைப் பலகோணத்தை எடுத்து அதன் சுற்றளவையே கடற்கரை என்று எழுதிவிடுவது மிகப் பரவலான பிழை; அதில் நிலவெல்லையும் சேர்ந்துவிடும். தென்னாப்பிரிக்காவுக்கு நிலவெல்லை மட்டும் 5,000 கிலோமீட்டருக்கு மேல். உங்கள் கணக்கில் அந்த நாட்டுக் கரை 8,000 என்று வந்தால் காரணம் அதுதான்.

சரியான வழி இது. ஃபிளாண்டர்ஸ் கடல்சார் நிறுவனத்தின் மரைன் ரீஜன்ஸ் தளத்தில், நாட்டு நிலப்பரப்பையும் அதன் பொருளாதார மண்டலத்தையும் ஒன்றாகச் சேர்த்த பலகோண அடுக்கு கிடைக்கும். கரை எப்போதும் அந்தப் பலகோணத்தின் உள்ளேயே விழும் என்பதால், தீவுகளும் கழிகளும் தப்பாமல் உரிய நாட்டுக்குப் போய்ச் சேரும்.

1. கியூஜிஐஎஸ்ஸில் இரு அடுக்குகளையும் திறந்து, ஃபிக்ஸ் ஜியாமெட்ரீஸ் கருவியை இரண்டின் மேலும் ஓட்டுங்கள். இதைச் செய்யாவிட்டால் நடுவழியில் நின்றுபோகும்.
2. கரைப் பலகோணங்களைத் தீவு வரம்புக்கு வடிகட்டிய பிறகு பாலிகன்ஸ் டு லைன்ஸ் கொண்டு கோடுகளாக மாற்றுங்கள்.
3. 180 பாகை தீர்க்கரேகையில் பலகோணங்கள் வெட்டப்பட்டிருக்கும். அந்த வெட்டு இப்போது கோடாகி ரஷ்யாவின் சுக்கோட்கா, ஃபிஜி ஆகிய இடங்களில் இல்லாத கரையை உருவாக்கியிருக்கும். திரையில் பெரிதாக்கிப் பார்த்து, அந்த நேர்த்துண்டுகளை நீக்குங்கள்.
4. இன்டர்செக்‌ஷன் கருவியில் கரைக்கோட்டை உள்ளீடாகவும் நாட்டு–மண்டல அடுக்கை மேலடுக்காகவும் கொடுங்கள். வெளிவரும் ஒவ்வொரு துண்டிலும் நாட்டின் பெயர் ஒட்டியிருக்கும். ஆட்சிப்பகுதியும் இறையாண்மை நாடும் தனித்தனிப் புலங்களில் இருப்பதால் கிரீன்லாந்தை டென்மார்க்கோடு சேர்ப்பதும் பிரிப்பதும் உங்கள் கையில்.
5. எந்த நாட்டிலும் சேராத துண்டுகளை டிஃபரன்ஸ் கருவியால் பிரித்துப் பாருங்கள். பெரிதாக எதுவும் மிஞ்சக்கூடாது. உரிமைத் தகராறு உள்ள பகுதிகள் தனிப்பெயரில் இருக்கும். அவற்றை எந்த நாட்டிலும் சேர்க்காமல் தனியாகவே காட்டுங்கள்.

படி 5: நீளத்தைக் கணக்கிடுங்கள், ஆனால் தட்டையான வரைபடத்தில் அல்ல

உருண்டையான பூமியைத் தட்டையாக்க இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் வெப் மெர்கேட்டர் புரொஜெக்‌ஷனில் நீளத்தை அளந்தால் வடக்கே போகப் போக எல்லாம் ஊதிப்போகும். கன்னியாகுமரி இருக்கும் 8 பாகையில் பிழை 1 சதவீதம்தான், கண்ணுக்கே தெரியாது. 60 பாகையில் சரியாக இரண்டு மடங்கு. 70 பாகையில் 2.9 மடங்கு. கனடா, நார்வே, ரஷ்யா மூன்றும் அபத்தமான எண்களோடு வந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

ஆட் ஜியாமெட்ரி ஆட்ரிபியூட்ஸ் கருவியில் கணக்கிடும் முறைக்கு எலிப்சாய்டல் (பூமியின் சற்றே தட்டையான உருண்டை வடிவத்தின் மேல் அளப்பது) என்பதைத் தேர்ந்தெடுங்கள். திட்ட அமைப்பில் எலிப்சாய்டு டபிள்யூஜிஎஸ் 84 என்றும் அலகு மீட்டர் என்றும் இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பை கேட்டகரீஸ் கொண்டு நாட்டுவாரியாகக் கூட்டுத்தொகை எடுத்து 1,000ஆல் வகுத்தால் கிலோமீட்டர். எல்லா நாடுகளின் கூட்டுத்தொகையும், பிரிப்பதற்கு முன் இருந்த முழுக் கோட்டின் நீளத்தில் மிஞ்சிய துண்டுகளைக் கழித்த எண்ணும் ஒத்துப்போக வேண்டும்.

படி 6: குறைந்தது மூன்று கோல்களில் திரும்ப அளங்கள்

ஒரே கோலில் நிறுத்தினால் வேலை பாதிதான். ஜிஎஸ்ஹெச்ஹெச்ஜி தரவின் 1, 5, 25 கிலோமீட்டர் அடுக்குகளை வரிசையாக எடுத்து, படி 4, 5 இரண்டையும் ஒவ்வொன்றுக்கும் செய்யுங்கள். தீவு வரம்பு ஒவ்வொரு முறையும் ஒன்றே இருக்க வேண்டும். எளிமையாக்கும்போது சிறு தீவுகள் சுருங்கி முக்கோணமாகும், பிறகு காணாமலே போகும். மாலத்தீவு போன்ற நாடு 25 கிலோமீட்டர் அடுக்கில் அழிந்தேவிடும். அப்படிப்பட்ட நாடுகளுக்குப் பெரிய கோலே பொருந்தாது என்று குறித்துவிட்டு விடுங்கள்.

எளிமையாக்கத்தின் விலகல் வரம்பும் டிவைடர் கோலின் நீளமும் ஒன்றல்ல. நாடுகளைத் தங்களுக்குள் ஒப்பிட இது தடையில்லை. எல்லோருக்கும் ஒரே வரம்பு. ஆனால் பின்னப் பரிமாணத்தைச் சரியாகக் காண வேண்டுமானால் கட்டம் எண்ணும் முறையே நல்லது. நாட்டின் கரையை மீட்டர் அலகுள்ள புரொஜெக்‌ஷனுக்கு மாற்றுங்கள். இபிஎஸ்ஜி என்ற பட்டியல் எண்களில் இந்தியாவுக்கு 7755, இலங்கைக்கு 32644, நார்வேக்கு 25833 பொருந்தும். 2, 4, 8, 16, 32 கிலோமீட்டர் பக்கமுள்ள கட்டங்களை கிரியேட் கிரிட் கருவியால் விரியுங்கள். கரை தொடும் கட்டங்களை மட்டும் எக்ஸ்ட்ராக்ட் பை லொகேஷன் கொண்டு எடுத்து எண்ணுங்கள். கட்டத்தின் தொடக்கப் புள்ளியைக் கொஞ்சம் நகர்த்தி மீண்டும் எண்ணி, குறைந்த எண்ணிக்கையை வைத்துக்கொள்ளுங்கள். கட்ட அளவு, எண்ணிக்கை இரண்டின் மடக்கைகளையும் வரைபடத்தாளில் குறித்தால் புள்ளிகள் ஏறத்தாழ நேர்க்கோட்டில் விழும். குறியை விட்டுவிட்டால் அந்தக் கோட்டின் சாய்வே பின்னப் பரிமாணம். பாகை அலகில் உள்ள தரவின் மேல் கட்டம் போட்டால் வடக்கே கட்டங்கள் ஒடுங்கிவிடும், சாய்வு கெடும்.

கணினி இல்லாமல் அளக்க

1:10,00,000 விகிதத்தில் அச்சான வரைபடமும் கூர்முனை டிவைடரும் எடுத்துக்கொள்ளுங்கள். 5 சென்டிமீட்டர் விரிப்பு 50 கிலோமீட்டர் கோல். 2 சென்டிமீட்டர் 20. 1 சென்டிமீட்டர் 10. கரையில் ஓரிடத்தில் முனையை ஊன்றி, மறுமுனை கரையை முதலில் வெட்டும் இடத்தில் வைத்து, எட்டு எட்டாக நடத்துங்கள். இருபது எட்டுக்கு ஒருமுறை டிவைடரின் விரிப்பை அளவுகோலில் சரிபாருங்கள். மூட்டு தளர்ந்தால் விரிப்பு மாறும். கடைசியில் மிஞ்சும் துண்டைப் பின்னமாகச் சேருங்கள். தொடக்க இடத்தை மாற்றி மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள்.

பள்ளியில் சொல்லித்தரும் நூல் முறையை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். நூல் இழுபடும் என்பது சிறிய குறை. வளைவுகளை எவ்வளவு நுணுக்கமாகத் தொடர்ந்தோம் என்பது அளப்பவரின் பொறுமையைப் பொறுத்தது என்பதுதான் பெரிய குறை. கோல் தெரியாத எண் ஒப்பீட்டுக்கு உதவாது.

படி 7: ஆயத்தப் பட்டியல்களை இதே கண்ணோடு படியுங்கள்

சிஐஏ பட்டியலில் கனடா 2,02,080 கிலோமீட்டர், அமெரிக்கா 19,924 கிலோமீட்டர். பத்து மடங்கு! அமெரிக்காவின் அந்த எண், முன்பு பார்த்த 55 கிலோமீட்டர் கோலின் 12,383 மைலுக்கு ஏறத்தாழச் சமம். கனடாவின் எண் அதைவிட மிகச் சிறிய கோலின் விளைவு. ஒவ்வொரு நாட்டு அரசும் தந்ததை ஒரே நெடுவரிசையில் அடுக்கியதால் வந்த கோளாறு இது. ஒரே விகிதத் தரவில் இருந்து கணக்கிட்ட உலக வளங்கள் நிறுவனத்தின் பட்டியலில் கனடா 2,65,523, அமெரிக்கா 1,33,312, இரண்டே மடங்கு. நாடுகளுக்கிடையே வரிசை போட வேண்டுமானால் இப்படிப்பட்ட பட்டியலையே எடுக்க வேண்டும். முதல் பட்டியலை ஒரு நாட்டின் அரசு என்ன சொல்கிறது என்று அறிய மட்டும் பயன்படுத்தலாம்.

இந்தியாவின் எண் அண்மையில் மாறியதும் இதே கதைதான். 1970களில் 1:45,00,000 விகிதப் படத்தில் அளந்த 7,516.6 கிலோமீட்டர் அரை நூற்றாண்டாகப் பாடநூல்களில் இருந்தது. உள்துறை அமைச்சகத்தின் 2023–24 ஆண்டறிக்கை அதை 11,098.81 என்று ஆக்கியது. இம்முறை 1:2,50,000 விகிதக் கடல்வழி வரைபடங்களில், உயர் ஓதக் கோட்டை அளந்தார்கள். ஓர் அங்குலம்கூட நிலம் கூடவில்லை; நீளம் 47.7 சதவீதம் கூடியது.

விகிதம் 18 மடங்கு நுணுக்கமானது என்பது தெரிவதால், மாநிலங்களின் கரை எவ்வளவு கரடு என்று நாமே கணிக்கலாம். புதிய நீளத்தைப் பழையதால் வகுத்து, அதன் மடக்கையை 18இன் மடக்கையால் (1.2553) வகுத்து, 1ஐக் கூட்டினால் தோராயமான பின்னப் பரிமாணம்.

கேரளம்: 569.7 → 600.15; 1.02
ஆந்திரம்: 973.7 → 1,053.07, 1.03
தமிழ்நாடு: 906.9 → 1,068.69, 1.06
குஜராத்: 1,214.7 → 2,340.62, 1.23
மேற்கு வங்கம்: 157.5 → 721.02, 1.53

கேரளத்தின் நேரான மணற்கரை தென்னாப்பிரிக்காவைப் போலவும், கட்ச், காம்பே வளைகுடாக்கள் கொண்ட குஜராத் பிரிட்டனின் மேற்குக் கரையைப் போலவும் வருவதைப் பாருங்கள். மேற்கு வங்கத்தின் 1.53ஐ அப்படியே நம்பக்கூடாது. சுந்தரவனத்தின் ஓதக் கழிகள் கணக்கில் ஏறும்போது கோல் மட்டும் மாறுவதில்லை, வரையறையும் சேர்ந்து மாறுகிறது. புதுச்சேரியின் எண் 47.6இல் இருந்து 42.65ஆகக் குறைந்ததும் கோலால் வந்திருக்க முடியாது. சிறிய கோல் ஒருபோதும் நீளத்தைக் குறைக்காது. அங்கே எல்லையோ வரையறையோ நிலமோ மாறியிருக்க வேண்டும். இந்த மாற்றத்தில் தமிழ்நாடு ஆந்திரத்தை முந்தி, இந்தியப் பெருநிலத்தில் குஜராத்துக்கு அடுத்த இடத்துக்கு வந்ததும் கோல் செய்த வேலையே.

படி 8: பெரிய நாட்டையும் சிறிய நாட்டையும் ஒப்பிட

வெறும் நீளம் பெரிய நாடுகளுக்கே சாதகம். அதனால் பலர் நீளத்தைப் பரப்பால் வகுப்பார்கள். இது தவறான ஈடு. நாடு அதே வடிவத்தில் இரு மடங்கு அகன்று இரு மடங்கு நீண்டால் கரை இரு மடங்கும் பரப்பு நான்கு மடங்கும் ஆகும். ஆகவே சிறிய நாடு எப்போதும் முன்னே வரும். தீவு நாடுகளுக்கு நல்ல வழி, அதே பரப்புள்ள வட்டத்தின் சுற்றளவால் வகுப்பது. பரப்பை 3.1416ஆல் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, இரட்டித்தால் அந்தச் சுற்றளவு.

இலங்கையின் பரப்பு 65,610 சதுர கிலோமீட்டர். வட்டத்தின் சுற்றளவு 908. சிஐஏவின் 1,340ஐ எடுத்தால் 1.48 மடங்கு, உலக வளங்கள் நிறுவனத்தின் 2,825ஐ எடுத்தால் 3.11. யாழ்ப்பாணம், புத்தளம் போன்ற களப்புகளின் கரை இரண்டாவது கணக்கில்தான் தெரியும். ஏறத்தாழ ஒரே பரப்புள்ள ஐஸ்லாந்தையும் கியூபாவையும் எடுத்துக்கொள்ளுங்கள். சிஐஏ எண்களில் ஐஸ்லாந்து 4.4, கியூபா 3.2, மற்றப் பட்டியலில் ஐஸ்லாந்து 7.5, கியூபா 12.3. பெரிய கோலுக்கு ஐஸ்லாந்தின் நீள்குடாக்கள் தெரிகின்றன, கியூபாவைச் சூழ்ந்த தாழ்ந்த சிறு தீவுகள் தெரிவதில்லை. இந்த விகிதத்தையும் கோலோடு சேர்த்தே சொல்ல வேண்டும். நிலவெல்லை உள்ள நாடுகளுக்கு இது பொருந்தாது.

படி 9: முடிவை எழுதும் முறை

எண்ணை மட்டும் எழுதாதீர்கள். தரவின் பெயரும் பதிப்பும், ஓதக் கோடு, ஆற்று வாய் விதி, தீவு வரம்பு, ஆட்சிப்பகுதிகள் சேர்ந்தனவா, கோல், எலிப்சாய்டு ஆகியவை ஒரே வாக்கியத்தில் அடங்கும். தசமத்துக்குப் பின் எண்கள் வேண்டாம். கோலைப் பாதியாக்கினால் பத்துச் சதவீதம் மாறும் நீளத்தில் மீட்டர் கணக்கு பொய்யான துல்லியம். மூன்று முக்கிய இலக்கங்கள் போதும். இரு நாடுகளின் வரிசை 1 கிலோமீட்டர் கோலில் ஒரு விதமாகவும் 25 கிலோமீட்டர் கோலில் வேறு விதமாகவும் வந்தால், ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கொடுங்கள், எந்தக் கோலுக்கு அருகில் வரிசை மாறுகிறது என்பதையும் குறியுங்கள்.